ஏழு பண்புகளும் ஒரு பிள்ளையும்

எட்டாம் வகுப்பு அறிவியலைத் தமிழில் படித்து, இப்போது ஐம்பதைத் தாண்டி, சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் நாம் எப்படிப் படித்தோம் என்பதை அவர்கள் நம்ப மாட்டார்கள். நாம் எங்கே படித்தோம், ஒப்பித்தோம். காலையில் வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்தபடி, வீட்டில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி ஒப்பித்தோம். சத்தம் நின்றால் உள்ளேயிருந்து குரல் வரும்: "இன்னாடி, தூங்கிட்டியா?"

அப்படி ஒப்பித்ததில் முக்கால்வாசி போய்விட்டது. வரலாறு போயிற்று. நிலநடுக்கோட்டுக் காடுகள் போயின. உயிருள்ளவற்றின் பண்புகள் மட்டும் போகவில்லை. இயக்கம், உணவூட்டம், சுவாசம், வளர்ச்சி, கழிவு நீக்கம், உறுத்துணர்ச்சி, இனப்பெருக்கம். ஏழு. இதே வரிசையில் சொன்னால்தான் எனக்கு வரும்.

இந்த ஏழையும் வைத்துக்கொண்டு அந்த வருடம் என் சித்தி விஷயத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லப்போகிறேன். அதனால்தான் சித்தி செத்துப்போனாள் என்று சொன்னால், பெரியவர்கள் செய்ததையெல்லாம் என் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வதாக ஆகும். அதற்கு எனக்கு மனமில்லை. ஆனால் எனக்குப் பங்கு உண்டு.

எங்கள் அறிவியல் டீச்சர் பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார். கைப்பையில் எப்போதும் ஒரு மல்லிகைப்பூச் சரம் வாழையிலையில் சுற்றி இருக்கும். சாயந்திரம் திரும்பும்போது வைத்துக்கொள்ள. அவர் வகுப்புக்கு வந்தால் பாதி வாசனை பூ, பாதி சாக்பீஸ் தூள். பாடத்தை நடத்துவதற்கு முன்பே கரும்பலகையில் ஒரு பெரிய கட்டம் போட்டார். மேலே ஏழு பண்புகள். பக்கத்தில் வரிசையாகக் கல், மெழுகுவத்தி, ரயில், தொட்டாற்சிணுங்கி, மண்புழு, மனிதன். ஒவ்வொன்றுக்கும் நேரே ரைட்டோ இன்டோ போட வேண்டும்.

கல்லுக்கு ஏழும் இன்டு. அதில் தகராறு இல்லை. ரயில் வந்தபோதுதான் வகுப்பு ரணகளம் ஆயிற்று. எங்கள் பள்ளிக்கூடத்து மதிலுக்கு வெளியே ரயில் போகும். தாம்பரத்துப் பிள்ளைகளுக்கு ரயில் உயிரில்லாதது என்று ஒத்துக்கொள்ள வாய் வருமா? நகருது டீச்சர். கரி தின்னுது டீச்சர். புகை விடுது டீச்சர், அதுதானே கழிவு நீக்கம். "குட்டி போடுதா?" என்று கேட்டார் டீச்சர். வகுப்பே சிரித்தது. "ஏழும் இருந்தாதான் உயிர். ஆறு இருந்து ஒண்ணு இல்லன்னாலும் நல்லா யோசிச்சுட்டுத்தான் ரைட்டு போடணும்."

நான் அந்தக் கட்டத்தை நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்து வரைந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கீழே நிறைய வரிசைகள் காலியாக இருந்தன. அந்த வயதில் காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கிணற்றடி வாழை, எதிர்வீட்டு நாய், ஏரியின் ஆகாயத்தாமரை, மேலே பறக்கிற பயிற்சி விமானம் எல்லாவற்றையும் எழுதினேன்.

எங்கள் வீடு தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரிக்குப் பின்னால். ஒருகாலத்தில் சுற்றிலும் எங்கள் வயல்தான். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அது மனைகளாகிவிட்டிருந்தது. நெல் நின்ற இடத்தில் வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசை வரிசையாக நின்றன. பெரியப்பா காலமான பிறகு வீட்டில் பெரியம்மா ராஜ்ஜியம். என் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பெரியம்மாவைக் கேட்காமல் அவர்கள் தும்மினதுகூட இல்லை.

அப்பாவின் தம்பிதான் சித்தப்பா. பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் வேலை. சித்தி கேளம்பாக்கத்துப் பக்கம், உப்பளத்தில் வேலை செய்த குடும்பம். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் சத்தம்போட்டு ஒப்பிப்பதைத் தொந்தரவாக நினைக்காத ஒரே ஆள் அந்த வீட்டில் சித்திதான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கூடவே சொல்லுவாள். "உறுத்துணர்ச்சி" என்ற வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுப்பில் கை சுட்டால் ஊதிக்கொண்டே, "பார்த்தியா, எனக்கு உறுத்துணர்ச்சி கீது" என்பாள்.

கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லை. ஏழாவது பண்பை ஒப்பிக்கும்போது மட்டும் அவள் கூடச் சொல்ல மாட்டாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் மறுபடியும் மறுபடியும், காலையும் மாலையும், "உயிருள்ளவை இனப்பெருக்கம் செய்யும், உயிரற்றவை இனப்பெருக்கம் செய்யா" என்று கத்திக்கொண்டு நடந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் சித்தி முழுகாமல் இருந்தாள்.

வாந்தி என்றால் அப்படி ஒரு வாந்தி. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடும். ஆனால் வயிறு மட்டும் வளர்ந்தது. மூன்று மாதத்தில் ஐந்து மாத வயிறு. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பெரியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ரெட்டைடி, ரெட்டைப் புள்ள. நாலு வருஷத்துப் பாக்கியெல்லாம் சேர்த்து ஒரே தடவையில குடுக்குறான் ஆண்டவன்" என்று பால்காரரிலிருந்து பழைய பேப்பர்காரர் வரைக்கும் சொன்னாள்.

நானும் என் நோட்டில் ஒரு வரிசை சேர்த்தேன். "சித்தி வயிற்றுப் பாப்பா." உணவூட்டம், ரைட்டு. வளர்ச்சி, பெரிய ரைட்டு. இனப்பெருக்கம், பிற்காலத்தில் செய்யும் என்று ரைட்டு. முதல் கட்டத்தில் நின்றுவிட்டேன். நாலு மாதம் முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் வயிற்றுக்காரிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரியும், அந்த மாதத்தில் உள்ளே உதைக்கும்.

"சித்தி, பாப்பா நகருதா?"

அவள் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "இன்னும் இல்லடி."

"கொஞ்சங்கூட?"

"ஒரு வேள தூங்குதோ இன்னாவோ."

"அப்ப இன்டுதான் போடணும் சித்தி. டீச்சர் சொல்லிக்கீறாங்க, ஒண்ணு இல்லன்னாலும் யோசிக்கணுமாம்."

சித்தி கையைப் புடவையில் துடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டைப் பார்த்தாள். படிக்கத் தெரிந்த மட்டும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு என் கையிலிருந்த பேனாவை மெதுவாகத் தட்டினாள். "ரைட்டே போடேன். நான் சொல்றேன்ல. நகரும். இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி நகரும். போட்டுடு கண்ணு."

போட்டேன்.

அந்த வாரமே பெரியம்மாவிடமும் விஷயம் போயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா மாதம் ஒருமுறை தெருவுக்கு வருவார். வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்து நெடுநேரம் கேட்டார். இடத்தை மாற்றி மாற்றி வைத்தார். "எனக்குத் துடிப்பு ஒண்ணும் கேக்கலம்மா. வயிறும் கணக்குக்கு மேல இருக்கு. உடனே பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, பெரிய ஆஸ்பத்திரியில இப்ப ஸ்கேன் மெஷின் வந்திருக்கு" என்றார்.

"ரெட்டைன்னா ஒண்ணோட சத்தத்த ஒண்ணு அமுக்கிடும்" என்றாள் பெரியம்மா. இதை அவள் எங்கே படித்தாளோ தெரியாது. "வர்ற வெள்ளிக்கெழம வளகாப்பு வச்சிக்கீறோம். ஊரெல்லாம் சொல்லியாச்சு. அது முடியட்டும், பாக்கலாம்."

வளைகாப்பு நடந்தது. எலுமிச்சை சாதம், புளி சாதம், தயிர் சாதம் என்று பெரிய பாத்திரங்களில் கிளறி வைத்திருந்தார்கள். சித்தி இரண்டு கை நிறையப் பச்சையும் சிவப்புமாக வளையல் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் வெளுத்து, மஞ்சள் பூசியும் வெளுப்பு தெரிந்தது. வந்த பெண்கள் எல்லாரும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ரெட்டை என்றுதான் சொன்னார்கள். நாற்பது பேர் சொன்னால் அது உண்மையாகிவிடுகிறது. நான் கூட நம்பினேன்.

வளைகாப்பு முடிந்த ஒன்பதாம் நாள் மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் ஜுரம் என்று பள்ளிக்கூடம் போகவில்லை. கொல்லைப் பக்கம் குளியலறையில் வளையல் சத்தம் ஒரு தினுசாகக் கேட்டது. போய்ப் பார்த்தால் சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கால் வழியாக ரத்தம். நான் கத்தினேன். பெரியம்மா ஓடிவந்து அவளைப் படுக்கவைத்து, எனாமல் பேசினைக் கொண்டுவரச் சொன்னாள். சித்திக்குக் கண் செருகிவிட்டது. பேசினைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

ரத்தத்தோடு விழுந்தது குழந்தை இல்லை. கொத்துக் கொத்தாக, காம்பில் தொங்குகிற திராட்சை மாதிரி, ஆனால் கண்ணாடி நிறத்தில், உள்ளே தண்ணீர் நிரம்பின சின்னச் சின்ன குமிழிகள். கடுகளவிலிருந்து கோலிக்குண்டு அளவு வரைக்கும். முகம் இல்லை, கை இல்லை, கால் இல்லை. மழைக்காலத்தில் ஏரிக்கரையில் பார்த்த தவளை முட்டைதான் என் ஞாபகத்துக்கு வந்தது. பெரியம்மா ஒரு நொடி உள்ளே பார்த்தாள். பிறகு அந்தப் பேசினின் மேல் தன் முந்தானையைப் போட்டு மூடினாள்.

ஆட்டோ பிடித்து, சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சாயந்திரம் ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து சித்தப்பாவிடமும் பெரியம்மாவிடமும் நின்று நிதானமாகச் சொன்னார்.

"இதுக்குப் பேரு முத்துப்பிள்ளை. பேர்தான் பிள்ளை, பிள்ளை கிடையாது. பிள்ளை உண்டாக வேண்டிய இடத்துல நஞ்சுக்கொடி மட்டும் இப்படிக் கொத்தா வளர்ந்துடும். யார் தப்பும் இல்ல. சுத்தமா எடுத்துட்டோம். ஆனா துளி எங்கயாவது தங்கியிருந்தா அது புற்றுநோயா மாறலாம். அதனால ஒரு வருஷம் மாசாமாசம் கூட்டிட்டு வாங்க, சிறுநீர் டெஸ்ட் பண்ணணும். மறந்துடாதீங்க."

"வளர்ந்துச்சே டாக்டர்?" என்று நான் கேட்டேன். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். "வளர்ந்துச்சும்மா. அது மட்டும்தான்."

இப்போது பெரியம்மாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவள் கெட்டவள் இல்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ரத்தக்கறை பட்ட புடவையோடு உட்கார்ந்து அவள் அழுதது எனக்குத் தெரியும். ஆனால் அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு ஒரு தீர்மானத்தோடு எழுந்தாள்.

"தெருவுல போயி இன்னான்னு சொல்றது? புள்ள இல்ல, கொத்து கொத்தா இன்னாவோ வந்துச்சுன்னா? பேய்க்கு வாக்கப்பட்டவன்னு சொல்லுவாளுங்கோ. வூட்ல ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நின்னுகினு கீது. செத்துப் பொறந்துச்சுன்னு சொல்லு, அவ்ளோதான். ஒரே புள்ள, ஆம்பளப் புள்ள. செத்துப் பொறந்தா எல்லாருக்கும் புரியும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." கல்யாணத்துக்கு நின்றது பெரியம்மாவின் மகள்.

"அண்ணி, அவகிட்ட?" என்றார் சித்தப்பா.

"அவகிட்டயும் அதான். புள்ளைய இழந்தவளா இருந்துட்டுப் போறா. அந்தக் கர்மத்தப் பெத்தவளா இருக்கணுமா?"

பெரியம்மா எல்லாவற்றையும் வகைப்படுத்தி வைத்திருந்தாள். உயிரோடு பிறந்தது, செத்துப் பிறந்தது, கலைந்துபோனது. மூன்றுக்கும் பேர் உண்டு, சடங்கு உண்டு, அழ ஒரு முறை உண்டு. நாலாவதாக ஒன்று வந்தபோது அதற்கு அவளிடம் இடமில்லை. இருக்கிற ஒன்றில் கொண்டுபோய்த் தள்ளினாள்.

புதைக்க வேண்டுமே. தெருவே காத்திருந்தது. எங்கள் மனைகளில் உடைந்துகிடந்த ஒரு மனைக்கல்லின் துண்டை சித்தப்பா கழுவி எடுத்து வந்தார். அதைப் புதுத் துண்டில் சுற்றினார்கள். பெரியம்மா கையில் வாங்கிக் கனம் பார்த்து, "இன்னும் கொஞ்சம் துணி சுத்து" என்றாள். சித்தப்பா அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடக்க, பின்னால் தெரு ஆண்கள் பன்னிரண்டு பேர் போனார்கள். ஏரிக்கரையில் குழி தோண்டிப் பால் ஊற்றிப் புதைத்துவிட்டு வந்து குளித்தார்கள். சித்தப்பா அழுதார். எதற்காக அழுதார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

சித்தி வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "நீ இருந்தியாமே. பார்த்தியாடி?"

"பேசினப் பெரியம்மா மூடிட்டாங்க சித்தி" என்றேன். அது பொய் இல்லை.

அன்றிலிருந்து அவள் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு டம்ளர் பாலை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். கூட நானும் போவேன். அவள் கல்லுக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆகாயத்தாமரை நாற்றம் குமட்டும். திரும்பி வரும்போது அவள் ஓரளவு தெளிவாக இருப்பாள். ஒருநாள் "உன் நோட்டுல அவனுக்கு எல்லாமே ரைட்டுதான்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மாதம் ஒன்றாயிற்று. சித்தப்பா ஒரு தடவை மெதுவாக ஆரம்பித்தார். "அண்ணி, டாக்டர் வரச் சொல்லிச்சே."

"கூட்டிகினு போ. எதுக்குன்னு கேட்டா இன்னா சொல்லுவ? செத்த புள்ளைக்கு மாசாமாசம் டெஸ்ட் எதுக்குன்னு அவ கேக்க மாட்டாளா? அங்க எவளாவது பேர ஒடச்சிட்டா அப்புறம் அவ உசுரோட இருப்பாளா?"

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். பிறகு அவர் கேட்கவும் இல்லை. அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பெரியம்மா அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

பொங்கல் கழிந்து சித்திக்கு இருமல் வந்தது.

மற்ற ஊர்களில் இருமல் என்றால் கஷாயம் வைப்பார்கள். எங்கள் ஊர் கதை வேறு. நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியின் வேப்பமரங்களைத் தாண்டித்தான் எந்தப் பேருந்தும் போகும்; எங்கெங்கிருந்தோ வந்த நோயாளிகள் நிழலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, எங்கள் தெருவில் ஒவ்வொருவரும் அரை டாக்டர். சளியில் ரத்தம் தெரிந்தால் டிபி. இளைத்தால் டிபி. சாயந்திரம் உடம்பு கணகணவென்றால் டிபி. சித்திக்கு மூன்றும் இருந்தது. தீர்ப்பு சொல்ல யாருக்கும் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்றே அவள் தட்டும் டம்ளரும் தனியாயின. மாட்டுக்கொட்டகையாக இருந்த பின்கட்டு அறையில் கட்டில் போட்டார்கள். பக்கத்தில் யாரோ எழுதிக்கொடுத்த டிபி மாத்திரை, தினம் ஒரு முட்டை, பால். மாத்திரை சாப்பிட்டுச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து, "மருந்து பிடிக்குது" என்றாள் பெரியம்மா. அப்போது பள்ளியில் நுண்ணுயிரிகள் பாடம். கோல் வடிவம், கோள வடிவம், சுருள் வடிவம் என்று நான் ஒப்பித்தேன். இந்தத் தடவை யாரும் கூடச் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நின்று நான் சொல்ல, உள்ளேயிருந்து இருமல்தான் வந்தது.

சளியை மூன்று தடவை சோதித்தார்கள். கிருமி இல்லை. "ஒளிஞ்சிகினு இருக்கும்" என்றாள் பெரியம்மா. ஆனால் மாத்திரையும் முட்டையும் பாலும் எங்கே போயினவோ, சித்தி கரைந்துகொண்டே போனாள். வளையல்கள் முழங்கைக்கு ஏறின. கடைசியில் சித்தப்பாதான் வேலை செய்யும் இடத்தில் விசாரித்து, மேற்குத் தாம்பரத்தில் மாலையில் மட்டும் பார்க்கிற ஒரு நெஞ்சு டாக்டரிடம் போகச் சொன்னார்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சித்தி முழுப்பரீட்சை விடுமுறையில், மே மாதத்து வெயிலில் இறந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. பெரியம்மா அந்தத் தட்டையும் டம்ளரையும் கிணற்றுக்குப் பின்னால் புதைத்தாள். பல வருடம் கழித்து எனக்கு முதல் குழந்தை உண்டானபோது, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்ட டாக்டரிடம்தான் முதல்முதலாக வாயைத் திறந்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். முத்துப்பிள்ளையின் மிச்சம்தான் நுரையீரலில் போய் வளர்ந்திருக்கும் என்றார். அதற்கு அந்தக் காலத்திலேயே ஊசி மருந்து இருந்தது, நுரையீரலுக்குப் போனபிறகும் அநேகம் பேர் பிழைத்துவிடுவார்கள், யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குழந்தைக்காகப் பயந்து அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டு தட்டிக்கொடுத்தார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் எனக்கு மேற்குத் தாம்பரத்தில் இடம் கிடைத்தது.

சின்ன கிளினிக். டெட்டால் வாசனை. பெரியம்மா, சித்தி, நான் மூன்று பேரும் போனோம். டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். எக்ஸ்ரேயை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அதில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் தெரிந்தன. எனக்கே தெரிந்தன.

"இது டிபி மாதிரி இல்லையே" என்றார். "உருண்டை உருண்டையா இருக்கு. கிருமியும் இல்லங்கறீங்க. ஏம்மா, உனக்குக் கடைசியா எப்ப பிரசவம்?"

"ஐப்பசியில சார். ஆம்பளப் புள்ள. செத்துப் பொறந்துடுச்சு" என்றாள் பெரியம்மா.

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "முழுக் குழந்தையா? கை, கால், முகம் எல்லாம் இருந்துச்சா? நீங்க கண்ணால பார்த்தீங்களா? முத்துப்பிள்ளை, அது இதுன்னு ஏதாவது சொன்னாங்களா?"

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க. நல்ல புள்ள. எங்க கையாலதான் பொதைச்சோம்."

டாக்டருக்கு அது போதவில்லை. சித்தியைப் பார்த்தார். சித்தி மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் மயக்கத்துல இருந்தேன் சார். எவ்ளோ அழுதும் ஒருத்தரும் காட்டல. இந்தப் பொண்ணுதான் கூட இருந்துச்சு" என்று என் தோளில் கை வைத்தாள். அந்தக் கை எலும்பாக இருந்தது, சுட்டது.

டாக்டர் முன்னால் குனிந்தார். "என்ன படிக்கற?"

"எட்டாவது சார்."

"அப்ப உனக்குப் புரியும். யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க. நீ பார்த்ததை மட்டும் சொல்லு. குழந்தையா இருந்துச்சா?"

பெரியம்மா மிரட்டினாள், அதனால் சொல்லவில்லை என்று எழுதினால் எனக்கு எவ்வளவு சுலபம். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தது சித்திதான். இத்தனை மாதம் ஏரிக்கரைக்குப் பால் கொண்டுபோனவள். அவளுக்கு நோய் என்ன என்பதில் அக்கறையே இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று வாயைத் திறந்தபடி, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவளிடம் போய் அந்தத் திராட்சைக் கொத்தை எப்படிச் சொல்வேன்? எனக்குப் பதின்மூன்று வயது. அவள்மேல் எனக்கு உயிர்.

"ஆமா சார். பார்த்தேன்" என்றேன். அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது போதாது என்று எனக்குத் தெரிந்தது. "கையெல்லாம் இருந்துச்சு. மூக்கு எங்க சித்தப்பா மாதிரியே இருந்துச்சு."

டாக்டர் பெருமூச்சு விட்டார். அந்த மருந்தையே இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம், பிறகு மறுபடி படம் எடுப்போம் என்று சீட்டில் எழுதினார்.

வெளியே வந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினோம். பெரியம்மா தொற்றுமென்று ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள். நான் நடுவில். ரயில்வே கேட் மூடியிருந்தது. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் காதருகில் குனிந்தாள்.

"நெசமாவே மூக்கு அவர மாதிரியாடி?"

"ஆமா சித்தி" என்றேன். "காதும்."